படத்துக்குள் எண்கள்: ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஒரு பாடம்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இருபது பேருடன் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருந்தேன். அன்றைய செயல்பாடு எளிமையானது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு நிறத்தில் ‘ட’ என்ற எழுத்தைக் கணினியில் வரைய வேண்டும். அதைப் படக்கோப்பாகச் சேமிக்க வேண்டும். அந்தக் கோப்புக்குள் இருக்கும் எண்களைப் பைத்தான் மொழியில் படித்தெடுத்து, அந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அதே எழுத்தைக் காகிதத்தில் மீண்டும் வண்ணமிட வேண்டும்.

ஐந்து வரிசை, ஐந்து குழு. ஒவ்வொரு குழுவும் தனக்குரிய எண்களைப் பார்த்து ஒரு காகிதப் பட்டையில் வண்ணம் தீட்டியது. ஐந்து பட்டைகளையும் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினோம். வந்தது ‘ட’ அல்ல. செங்குத்துக் கோடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அதில் மஞ்சள் இருந்தது, நீலம் இருந்தது, சிவப்பும் இருந்தது. நாங்கள் வரைந்ததில் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறமே கிடையாது.

“சார், ஃபைல் கெட்டுப்போச்சு” என்றான் ஒருவன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் நாள் இரவு வீட்டில் செய்து பார்த்தபோது எல்லாம் சரியாக வந்திருந்தது.

கோப்பு கெடவில்லை என்று கண்டுபிடித்தது நான் அல்ல. அதைச் சொல்வதற்கு முன், படக்கோப்பு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கணினி ஆசிரியர்களுக்கு மட்டுமான கட்டுரை அல்ல இது. நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். என் மகள் மேல்நிலை இரண்டாம் ஆண்டு படித்தபோது அவளுடைய கணினி அறிவியல் பாடநூலைப் புரட்டித்தான் பைத்தான் கற்றுக்கொண்டேன். எனக்கு வந்தது உங்களுக்கும் வரும்.

எண்களின் வரிசையே படம்

1957-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் ஒரு கேள்வி கேட்டார்: கணினி படத்தைப் பார்த்தால் என்ன நடக்கும்? தன் கைக்குழந்தையின் ஒளிப்படம் ஒன்றை எடுத்து, தன் குழுவினருடன் சேர்ந்து உருவாக்கிய கருவியில் வைத்து, அதைச் சிறுசிறு கட்டங்களாகக் கணினிக்குள் செலுத்தினார். நெடுக்கில் 176, கிடையில் 176, மொத்தம் 30,976 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் கறுப்பா வெள்ளையா என்று மட்டும் பதிவானது. இன்று நம் கைப்பேசியில் இருக்கும் அத்தனை படங்களுக்கும் அந்தக் குழந்தைப் படமே முன்னோடி.

அந்தக் கட்டத்தைத்தான் படப்புள்ளி, அதாவது பிக்சல் என்கிறோம். கறுப்பு வெள்ளைக்கு 0, 1 என்ற இரண்டு எண்கள் போதும். வண்ணப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் தேவை. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். ஏன் 255? எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எட்டு இடங்களில் 0, 1 ஆகியவற்றை 256 விதமாக எழுதலாம். மூன்று எண்களும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. சிவப்பும் பச்சையும் 255, நீலம் 0 என்றால் மஞ்சள். இப்படி 256-ஐ மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும்.

எண்கள் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. 24 எண்களைக் கொடுத்து “வரிசைக்கு ஆறாக அடுக்கு” என்றால் ஒரு படம் வரும். “வரிசைக்கு நான்காக அடுக்கு” என்றால் வேறொன்று வரும். நம் வீடுகளில் கோல நோட்டு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். கோலத்தை வரைந்து காட்டுவதற்கு முன் அதன் தலைப்பில் “15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி” என்றோ “7 புள்ளி, 7 வரிசை, நேர்ப்புள்ளி” என்றோ எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் புள்ளி வைக்கத் தொடங்கவே முடியாது. படக்கோப்பிலும் அதே போன்ற ஒரு குறிப்பு முதலில் இருக்கிறது. அதற்குத் தலைப்பகுதி என்று பெயர்.

முதல் முப்பது எண்கள்

படக்கோப்புகளில் பல வகை உண்டு. வகுப்பறைக்கு ஏற்றது பிஎம்பி எனப்படும் பிட்மேப். இதில் எண்கள் சுருக்கப்படாமல் அப்படியே இருப்பதால் கையால் எண்ணலாம். பெயிண்ட் செயலியில் படத்தின் அகலம் 5, உயரம் 5 என்று வைத்து, இடது ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடும் அடியில் ஒரு கிடைக்கோடும் கறுப்பில் இட்டால் ‘ட’ தயார். சேமிக்கும்போது ‘24 பிட் பிட்மேப்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தக் கோப்பின் அளவு 134 பைட்டுகள். முதல் முப்பது எண்கள் இவை:

66, 77, 134, 0, 0, 0, 0, 0, 0, 0,
54, 0, 0, 0, 40, 0, 0, 0, 5, 0,
0, 0, 5, 0, 0, 0, 1, 0, 24, 0

பைத்தானில் எண்ணிக்கை 0-இல் தொடங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 0, 1 ஆகிய இடங்களில் இருக்கும் 66, 77 இரண்டும் ‘பி’, ‘எம்’ என்ற ஆங்கில எழுத்துகளின் ஆஸ்கி எண்கள். ‘நான் பிட்மேப் கோப்பு’ என்று அது சொல்லும் அடையாளம். 2-ஆம் இடத்தில் தொடங்குவது கோப்பின் அளவு, 134. 10-ஆம் இடத்தில் உள்ள 54, படத்தின் எண்கள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதைச் சொல்கிறது. 18-இல் அகலம், 22-இல் உயரம். 28-இல் உள்ள 24, ஒரு புள்ளிக்கு 24 பிட், அதாவது மூன்று பைட்டுகள் என்று அறிவிக்கிறது.

அளவு, அகலம், உயரம் ஆகியவற்றுக்கு நான்கு நான்கு பைட்டுகள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பைட்டில் 255-க்கு மேல் எழுத முடியாதல்லவா? அகலம் 300 என்றால் 44, 1, 0, 0 என்று இருக்கும். 44 ஒன்றுகள், 1 இருநூற்றைம்பத்தாறு. ஆக, 44 + 256 = 300. நாம் பெரிய இடமதிப்பை முதலில் எழுதுகிறோம். இங்கே சிறிய இடமதிப்பு முதலில் வருகிறது. நாம் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எழுத, வேறு சில நாடுகளில் ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுவது போலத்தான். இரண்டில் எது சரி என்பதல்ல கேள்வி. எந்த முறை என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இந்த இரண்டு முறைகளுக்கும் ‘லிட்டில் எண்டியன்’, ‘பிக் எண்டியன்’ என்ற பெயர்களை 1980-இல் டேனி கோஹன் என்ற கணினி அறிஞர் சூட்டினார். 1726-இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் எழுதிய கலிவரின் பயணங்கள் நூலில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா சிறிய முனையில் உடைப்பதா என்று இரண்டு தரப்பினர் சண்டையிடுவார்கள். பெயர்கள் அங்கிருந்து வந்தவை. ஆங்கில ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லிப் பார்க்கலாம்.

பைத்தானில் படித்தல்

பாடநூலில் சிஎஸ்வி கோப்பைத் திறக்கக் கற்றுக்கொடுக்கிறோம். படக்கோப்பைத் திறப்பதும் அதே ‘ஓப்பன்’ செயற்கூறுதான். ஒரே ஒரு வேறுபாடு: முறைமையை ‘ஆர்’ என்று தராமல் ‘ஆர்பி’ என்று தர வேண்டும். ஆர் என்பது ரீட், பி என்பது பைனரி.

அந்த ஒற்றை எழுத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும்? பைத்தான் அதை எழுத்துகள் நிறைந்த கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வோர் எண்ணையும் எழுத்தாக மாற்ற முயன்று பெரும்பாலும் பிழைச் செய்தி காட்டும். பிழை காட்டாவிட்டாலும் பொருளற்ற குறிகள்தான் வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. 13, 10 என்ற இரண்டு எண்கள் அடுத்தடுத்து வந்தால் அதை வரிமுடிவு என்று கருதி ஒன்றாகச் சுருக்கிவிடும். படத்தில் அது ஏதோ ஒரு நிறத்தின் அளவாக இருந்திருக்கும். ஓர் எண் தொலைந்தால் அதற்குப் பின்னால் வரும் எல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும்.

படிகளைத் தமிழில் எழுதுகிறேன். நிரலாக மாற்றுவது மாணவர்களின் வேலை.

1. கோப்பை ‘ஆர்பி’ முறைமையில் திறந்து, முழுவதையும் படித்து ஒரு மாறியில் வைக்கவும்.
2. அதை ‘லிஸ்ட்’ செயற்கூறில் இட்டு அச்சிட்டால் 0 முதல் 255 வரையிலான எண்கள் வரிசையாகத் தெரியும்.
3. 10-ஆம் இடத்தில் தொடங்கும் நான்கு எண்களிலிருந்து படத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கவும்.
4. 18, 22 ஆகிய இடங்களிலிருந்து அகலத்தையும் உயரத்தையும் எடுக்கவும்.
5. தொடக்க இடத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாக வெட்டி எடுத்து அச்சிடவும்.

படித்தெடுத்தது ‘பைட்ஸ்’ என்ற வகை. டப்பிள் போல அதை மாற்ற முடியாது. எண்களை மாற்ற வேண்டுமானால் ‘பைட்அர்ரே’ என்ற வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அது லிஸ்ட் போல மாற்றத்தை ஏற்கும்.

மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஒன்று, பிட்மேப் கோப்பில் அடி வரிசைதான் முதலில் வரும். கணிதத்தில் வரைபடத்தாளின் கீழ் இடது மூலையில் தொடக்கப்புள்ளியைக் குறித்து மேல்நோக்கி ஏறுகிறோமே, அதே முறை. மற்றொன்று, ஒவ்வொரு புள்ளியிலும் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் எண்கள் இருக்கும்.

மஞ்சள் எங்கிருந்து வந்தது?

இனி பலகையில் ஒட்டிய படத்துக்கு வருவோம். மேலிருந்து கீழாக எங்களுக்குக் கிடைத்தது இது:

முதல் வரிசை: வெள்ளை, கறுப்பு, மஞ்சள், வெள்ளை, வெள்ளை
இரண்டாம் வரிசை: வெளிர்நீலம், கறுப்பு, வெள்ளை, வெள்ளை, வெள்ளை
மூன்றாம் வரிசை: நீலம், சிவப்பு, வெள்ளை, வெள்ளை, வெள்ளை
நான்காம் வரிசை: கறுப்பு, மஞ்சள், வெள்ளை, வெள்ளை, வெள்ளை
ஐந்தாம் வரிசை: ஐந்தும் கறுப்பு

ஐந்து புள்ளி, புள்ளிக்கு மூன்று எண், ஆக வரிசைக்குப் பதினைந்து எண் என்று கணக்கிட்டுப் பதினைந்து பதினைந்தாக வெட்டச் சொல்லியிருந்தேன். அதில் தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. “எனக்கும் புரியலப்பா, எங்க தப்புன்னு எல்லாரும் பாருங்க” என்று சொல்லிவிட்டு, நானும் நிரலை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி நிரலைப் பார்க்கவில்லை. நோட்டில் ஏதோ கழித்துக்கொண்டிருந்தாள். “சார், ஃபைல் 134 தானே? தலைப்பகுதி 54 போனா 80 இருக்கணும். நாம அஞ்சு பதினஞ்சு 75 தான் எடுத்திருக்கோம். அஞ்சு மிச்சம் இருக்கு சார்.”

வகுப்பு அமைதியானது. “ஐந்து வரிசை, ஐந்து மிச்சம். அப்படின்னா?” என்று கேட்டேன். இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாக எழுந்தன: “வரிசைக்கு ஒண்ணு!”

“வாம்மா, பலகையில எழுது” என்றேன். பதினாறு பதினாறாக வெட்டினோம். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் தனியாக ஒரு சுழியம் இருந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் புதிய பட்டைகளில் வண்ணமிட்டோம். ‘ட’ நேராக வந்து நின்றது.

மஞ்சள் வந்த வழியும் இப்போது தெளிவானது. அடி வரிசையின் கடைசிச் சுழியத்தை நாங்கள் அடுத்த வரிசையின் முதல் எண்ணாக எடுத்துக்கொண்டோம். எல்லாம் ஓரிடம் தள்ளிப்போனது. முதல் புள்ளிக்குப் போக வேண்டிய மூன்று சுழியங்களில் ஒன்று இரண்டாம் புள்ளிக்குள் வந்துவிட்டது. 255, 255, 255 என்று இருக்க வேண்டிய வெள்ளை, 0, 255, 255 ஆனது. நீலம் இல்லை, பச்சையும் சிவப்பும் முழு அளவு. அதுதான் மஞ்சள். அடுத்த வரிசையில் இரண்டிடம் தள்ளல், அதற்கடுத்ததில் மூன்றிடம் என்று தள்ளல் கூடிக்கொண்டே போனதால் கோடும் சாய்ந்தது.

அந்த ஒரு சுழியம் எதற்கு? பழைய 32 பிட் கணினிகள் நான்கு நான்கு பைட்டுகளாகச் சேர்த்துப் படிக்கும். அதற்கு வசதியாக, பிட்மேப்பில் ஒவ்வொரு வரிசையின் நீளமும் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். குறைந்தால் நிரப்பு பைட்டுகளைச் சேர்ப்பார்கள். 15-க்கு அடுத்த நான்கின் மடங்கு 16. ஆகவே ஒன்று.

வீட்டில் எனக்குச் சரியாக வந்ததன் காரணமும் அதுதான். நான் சோதித்தது நான்குக்கு நான்கு படம். வரிசைக்குப் பன்னிரண்டு. அதற்கு நிரப்பு தேவையே இல்லை. ஒரே ஓர் எடுத்துக்காட்டில் சரிபார்த்துவிட்டு வகுப்புக்குப் போவது கணித ஆசிரியருக்கு அழகல்ல என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் பத்தாம் வகுப்பில் இதையே கணக்காகக் கொடுத்தேன். அகலம் 5 என்றால் நிரப்பு 1. 6 என்றால் 18-க்கு அடுத்து 20, ஆக நிரப்பு 2. 7 என்றால் 21-க்கு அடுத்து 24, நிரப்பு 3. 8 என்றால் 24, நிரப்பு 0. விதி என்ன? அகலத்தை 4-ஆல் வகுத்தால் வரும் மீதியே நிரப்பு எண்ணிக்கை. ஏன்? அகலத்தின் மூன்று மடங்குடன் இன்னோர் அகலத்தைச் சேர்த்தால் நான்கு மடங்கு ஆகிவிடும். அது நான்கால் மீதியின்றி வகுபடும். அகலம் முழுவதையும் சேர்க்கத் தேவையில்லை. அதன் மீதியைச் சேர்த்தாலே போதும். பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் நடத்தும்போது “இது எதுக்கு சார் பயன்படும்?” என்று கேட்கும் மாணவனுக்கு இதைக் காட்டலாம்.

மாற்றி அடுக்குதல்

ஒழுங்கு தெரிந்துவிட்டால் மாற்றி அடுக்குவது எளிது. எப்போதும் நகலெடுத்த கோப்பில் செய்யுங்கள். தலைப்பகுதியின் 54 எண்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியை மட்டும் மாற்ற வேண்டும். முடிந்ததும் தலைப்பகுதியை முன்னால் சேர்த்து ‘டபிள்யூபி’ முறைமையில் புதிய பெயரில் எழுத வேண்டும்.

தலைகீழாக்குதல்: 80 எண்களைப் பதினாறு பதினாறாக ஐந்து துண்டுகளாக்கவும். ஐந்தாவதை முதலில், நான்காவதை அடுத்து என்று சேர்க்கவும். ‘ட’வின் கிடைக்கோடு உச்சிக்குப் போய்விடும்.

இட வல மாற்றம்: ஒவ்வொரு துண்டிலும் முதல் 15 எண்களை மும்மூன்றாகப் பிரிக்கவும். அந்த மும்மைகளைப் பின்னிருந்து அடுக்கவும். நிரப்பு எண் கடைசியிலேயே இருக்க வேண்டும்.

இங்கே மாணவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. பதினைந்து எண்களையும் அப்படியே பின்னிருந்து திருப்பிவிடுவார்கள். ‘ட’ சரியாகவே திரும்பும். கறுப்பும் வெள்ளையும் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதானே? ஆனால் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துப் பாருங்கள். 0, 0, 255 என்பது திரும்பி 255, 0, 0 ஆகும். சிவப்பு நீலமாகிவிடும்.

இதைத் தமிழாசிரியர்கள் எளிதில் விளக்கலாம். ‘விகடகவி’ என்ற சொல்லை நாம் எப்படித் திருப்பினாலும் விகடகவிதான். பைத்தானிடம் திருப்பச் சொன்னால் வேறு ஏதோ வரும். நாம் ‘வி’யை ஓர் எழுத்தாகப் பார்க்கிறோம்; யூனிகோடில் அது ‘வ’ என்ற குறியும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு எண்கள். எண்களைத் திருப்பினால் இகரக் குறி தன் எழுத்தை விட்டுப் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எந்த அலகைத் திருப்புகிறோம் என்று முடிவு செய்யாமல் திருப்பினால் சொல்லும் உடையும், புள்ளியும் உடையும்.

நிற மாற்றம்: ஒவ்வொரு மும்மையிலும் முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் இடம் மாற்றவும். செம்பருத்திப் பூப் படத்தில் செய்து பாருங்கள். பூ நீலமாகும், நடுவில் இருக்கும் பச்சை எண் நகராததால் இலை ஏறக்குறைய பச்சையாகவே இருக்கும். வேண்டுமென்றே செய்யும் இந்த மாற்றம் தவறுதலாகவும் நடக்கும். ஒரு மென்பொருள் சிவப்பை முதலிலும் மற்றொன்று நீலத்தை முதலிலும் வைத்துப் படித்தால் மனிதர்களின் முகம் நீலமாகத் தெரியும்.

கால் சுற்று திருப்புதல்: வரிசைகளை நிரல்களாக்க வேண்டும். மேல்நிலைக் கணிதத்தில் வரும் அணியின் நிரை நிரல் மாற்றம் இங்கே உதவும். அகலமும் உயரமும் வேறுபட்டால் தலைப்பகுதியையும் திருத்த வேண்டும். அகலம் 5, உயரம் 3 உள்ள படத்தில் எண்கள் 16 × 3 = 48. திருப்பியபின் அகலம் 3, உயரம் 5. வரிசைக்கு 9 எண், நிரப்பு 3, ஆக 12. 12 × 5 = 60. புள்ளிகள் அதே பதினைந்துதான், ஆனால் கோப்பு 12 பைட்டுகள் வளர்ந்துவிட்டது. ஏன் என்று மாணவர்களையே கேளுங்கள்.

வகுப்புக்கு ஏற்றபடி

தொடக்க வகுப்புகளுக்குக் கணினியே வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். பலகையில் 0, 1 கொண்ட 24 எண்களை ஒரே வரியில் எழுதுங்கள். 1 என்றால் வண்ணமிட வேண்டும். பாதிப் பேரிடம் வரிசைக்கு ஆறு என்றும் பாதிப் பேரிடம் வரிசைக்கு நான்கு என்றும் காதில் சொல்லுங்கள். முடித்தபின் ஒருவர் படத்தை ஒருவர் பார்க்கட்டும். “ஒரே எண்தானே, ஏன் வேற படம் வந்துச்சு?” என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

ஆறு முதல் எட்டு வரை, ஒரு குழு தன் பெயரின் முதல் எழுத்தைக் கட்டத்தில் வரைந்து எண்களாக்கி அடுத்த குழுவுக்கு அனுப்பலாம். அகலத்தையும் எந்த வரிசையில் தொடங்குவது என்பதையும் தலைப்பில் எழுத மறக்கும் குழுவின் படம் சரியாகப் போய்ச் சேராது. அந்த மறதியே பாடம்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, மேலே சொன்னவற்றைக் கணினியிலேயே செய்யலாம். நகல் கோப்பில் முதல் எண் 66-ஐ 67 ஆக மாற்றிச் சேமிக்கச் சொல்லுங்கள். படத்தின் எண்கள் அத்தனையும் அப்படியே இருந்தும் அது பிட்மேப் கோப்பு என்ற அடையாளம் போய்விடும். படம் காட்டும் செயலி என்ன செய்கிறது என்று பார்க்கட்டும்.

கைப்பேசிப் படத்தில் இதைச் செய்யலாமா என்று கேட்பார்கள். நேரடியாக முடியாது. கைப்பேசிகளில் பரவலாக இருக்கும் ஜேபெக் வகையில் எண்கள் சுருக்கப்பட்டிருக்கும். முதலில் பெயிண்டில் திறந்து பிட்மேப்பாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் மூன்றெழுத்தை மட்டும் மாற்றுவது பயன் தராது. இணையவழி விண்ணப்பங்களில் ஒளிப்படத்தை ஏற்ற முயன்று “தவறான கோப்பு” என்ற செய்தியைப் பார்த்து நொந்துபோன ஆசிரியர்கள் நம்மில் பலர். பெயரை மாற்றினாலும் உள்ளே இருக்கும் முதல் எண்கள் மாறாது. ஜேபெக் 255, 216 என்றுதான் தொடங்கும். பிஎன்ஜி கோப்பு 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு எண்களுடன் தொடங்கும். அதில் 13, 10 இருப்பதைக் கவனித்தீர்களா? யாராவது எழுத்துக் கோப்பு என்று எண்ணி அனுப்பி வரிமுடிவைச் சுருக்கிவிட்டால், தொடக்கத்திலேயே சிக்கிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே வைத்த பொறி அது.

இத்தனைக்கும் எங்களுக்குச் செலவானது கொஞ்சம் காகிதமும் வண்ணப் பென்சில்களும் இரண்டு பாடவேளைகளும். நம் பிள்ளைகள் கைப்பேசியில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான படங்களைத் தள்ளிப் பார்க்கிறார்கள். அவற்றில் ஒன்றின் உள்ளே கைவிட்டு ஓர் எண்ணை எடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர். “ஃபைல் கெட்டுப்போச்சு” என்று ஒதுக்கிவிடாமல் எண்பதிலிருந்து எழுபத்தைந்தைக் கழித்துப் பார்க்க ஒரு பிள்ளைக்குத் தோன்றியது. அந்தக் கழித்தல் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் கற்றுக்கொடுத்தது.

முதலில் தவறாக வந்த அந்த ஐந்து பட்டைகளை நான் கிழிக்கவில்லை. சரியாக வந்த ‘ட’வுக்குப் பக்கத்திலேயே ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். புதிதாக வரும் மாணவர்கள் அதைக் காட்டி “இந்த மஞ்சள் எங்கிருந்து வந்துச்சு சார்?” என்று கேட்கிறார்கள். கோப்பின் அளவு 134 என்று மட்டும் சொல்லி, ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து உட்கார வைக்கிறேன்.